மிஸ்ஸி பதில்கள்: எத்தனை வாரத்தில் பிறந்தது?

போன மாதம் இனிப்புநீர் (நீரிழிவு) பற்றிய பதிலில், போகிற போக்கில் "குறைமாசத்தில் பிறந்தவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லி வையுங்கள்" என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதமும் வாட்சாப்பும் வந்து குவிந்தன, இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில்கூட இரண்டு பேர் வழிமறித்துக் கேட்டார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் கடைசியில் "பேர் போடாதீங்க மிஸ்ஸி" என்று எழுதியிருந்தார்கள் (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). பிள்ளை சீக்கிரம் பிறந்தது என்ன திருட்டுக் குற்றமா? சரி, கேட்டபடியே யார் பேரும் இல்லை, ஊர் மட்டும்.

முதல் பிள்ளை 31 வாரத்தில் ஒன்றரை கிலோவுக்குப் பிறந்து, இன்னும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறான். நான் அன்னாசி சாப்பிட்டதும் மோட்டாரில் வேலைக்குப் போனதும்தான் காரணம் என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். எனக்கே இப்போது அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றுகிறது. (சுங்கை சிப்புட்)

அந்த நினைப்பை முதலில் விடு, தங்கச்சி. நாலு துண்டு அன்னாசிக்கெல்லாம் பிள்ளை 31 வாரத்தில் வெளியே வராது. மோட்டாரிலிருந்து விழுந்து வயிற்றில் அடிபட்டிருந்தால் அது வேறு கதை, வேலைக்கு ஓட்டிப்போனதற்காக இல்லை.

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாசம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறந்திருக்கிறார்கள், பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள். அத்தனை பேரின் அம்மாவும் அன்னாசி சாப்பிட்டிருப்பார்களா?

காரணங்கள் என்று எங்களுக்குத் தெரிந்தவை வேறு. முன்பே ஒரு பிள்ளை குறைமாசத்தில் பிறந்திருப்பது, இரட்டைப் பிள்ளை, பிரஷர், இனிப்புநீர், கர்ப்பப்பை வாய் குட்டையாக இருப்பது, ரத்தச் சோகை, ஒரு பிள்ளைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ரொம்பக் குறைவாக இருப்பது, பதினெட்டு வயதுக்குள் கர்ப்பமாவது, முப்பத்தைந்தைத் தாண்டிக் கர்ப்பமாவது, சிகரெட். சிகரெட் என்றதும் நான் பிடிப்பதில்லையே என்பாய், வீட்டுக்காரர் உன் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்தாலும் அந்தப் புகை உனக்கும்தான். அப்புறம் சிறுநீர்த் தொற்று, இதை நம் பெண்கள் கண்டுகொள்வதே இல்லை. எரிச்சல்கூட இல்லாமல் சும்மா இருக்கும், பரிசோதித்தால்தான் தெரியும். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிற பெண்களிடம் கேட்டுப் பார், காலையிலிருந்து மதியம் வரை ஒண்ணுக்குப் போக இடம் கிடையாது, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு அப்படிச் செய்யக்கூடாது. மூட்டை தூக்குவதும், மருந்து அடிக்கிற இடத்தில் நிற்பதும் வேண்டாம், கிளினிக்கில் கடிதம் வாங்கி லேசான வேலை கேட்கலாம்.

இதில் எதுவுமே இல்லாமல், எல்லாப் பரிசோதனைக்கும் ஒழுங்காக வந்த பெண்களுக்கும் குறைமாசத்தில் பிறந்து பார்த்திருக்கிறேன். ஏன் என்று டாக்டருக்கும் தெரியாது, உன் மாமியாருக்கும் தெரியாது. அடுத்த முறை அவர் ஆரம்பித்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடு.

ஏழாம் மாசத்தில் பிறந்தால் தங்கும், எட்டாம் மாசத்தில் பிறந்தால் தங்காது என்பார்களே, அது உண்மையா? என் பேத்தி எட்டில் பிறந்திருக்கிறாள், அதனால் கேட்கிறேன். (கோல கங்சார், ஒரு பாட்டி)

இல்லை பாட்டி, தலைகீழ். வயிற்றில் ஒரு வாரம் கூடத் தங்கினால் ஒரு வாரத்து பலம் கூடும். எட்டில் பிறந்தது ஏழில் பிறந்ததைவிட எப்போதும் தேவலை. இந்தப் பேச்சு நம்முடையது மட்டும் இல்லை, கிரேக்க நாட்டு வைத்தியர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இதையே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவர்களும் தப்பு.

குழப்பமே இந்த மாசக் கணக்கில்தான் இருக்கிறது. "பத்து மாசம் சுமந்து பெத்தேன்" என்பது பொய்க் கணக்கு கிடையாது, 28 நாளை ஒரு மாசமாக வைத்தால் பத்து மாசத்துக்கு 280 நாள், அதாவது 40 வாரம். கிளினிக்கில் போடுவதும் அதே 280 தான், கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து. காலண்டரை வைத்து எண்ணுகிறவருக்கு அதே பிள்ளை ஒன்பது மாசம் சொச்சம். ஆக "எட்டு மாசம் முடிந்தது" என்று ஒரு வீட்டில் சொன்னால் அது 32 வாரமாகவும் இருக்கலாம், 35 வாரமாகவும் இருக்கலாம். இந்த மூன்று வாரம் சின்ன விஷயமில்லை. அதனால்தான் வார்டில் இருந்த காலத்தில் யார் வந்தாலும் நான் முதலில் கேட்டது "எத்தனை வாரம்?" என்றுதான், மாசம் சொன்னால் விடமாட்டேன்.

ஏன் அப்படி? நுரையீரல். அதற்குள் இருக்கும் சின்னச் சின்னக் காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழவழவென்று ஒரு பொருள் சுரக்கும், சர்ஃபாக்டன்ட் என்பார்கள். அது போதுமான அளவுக்குச் சேர 34, 35 வாரம் ஆகிவிடும். அது இல்லாத நுரையீரல் ஈரமான பிளாஸ்டிக் பை மாதிரி, ஒவ்வொரு மூச்சுக்கும் பிரித்துப் பிரித்துத் திறக்க வேண்டும், பிள்ளை களைத்துப்போகும். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னாடி ஒரு மகன் பிறந்தான், எடை இரண்டு கிலோவுக்கு மேலேயே, அந்த நாட்டின் பெரிய டாக்டர்களெல்லாம் கூடி நின்றும் 39 மணி நேரத்துக்கு மேல் அவனை வைத்திருக்க முடியவில்லை. இன்றைக்கு அதே எடைப் பிள்ளை நம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் பால் குடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். நடுவில் வந்தது என்ன? 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற டாக்டர் மாட்டு நுரையீரலிலிருந்து அந்தப் பொருளை எடுத்துப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் விட்டுப் பார்த்தார், வேலை செய்தது. (மாட்டிலிருந்தா என்று ஒரு தாத்தா என்னிடம் முகத்தைச் சுளித்தார். அப்புறம் அவரே "பாலும் மாட்டோடதுதானே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.) அதற்கும் முன்னால், 1972-இல், நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள் இன்னொன்றைக் காட்டியிருந்தார்கள்: பிரசவத்துக்கு முன்பே அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் உள்ளே இருக்கும் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பழுக்கிறது. லிகின்ஸ் முதலில் கண்டுபிடித்தது செம்மறி ஆட்டுக் குட்டிகளிடம்.

உங்கள் பேத்தி நன்றாக இருப்பாள். எத்தனை வாரம் என்று மட்டும் மகளிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

எனக்கு முதல் பிள்ளை 29 வாரத்தில் பிறந்தது. இப்போது மறுபடியும் மூன்று மாதம். இந்த முறையும் அப்படியே ஆகுமா? படுத்தே இருக்கச் சொல்கிறார்கள். (பாகான் செராய்)

ஆகியே தீரும் என்று இல்லை, ஆனால் மற்றவர்களைவிட உனக்கு வாய்ப்பு அதிகம், ஒளித்துப் பேச ஒன்றுமில்லை. கிளினிக்கில் முதல் நாளே "போன பிள்ளை 29 வாரம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடு. உன் பிங்க் புத்தகத்தில் (கர்ப்பப் பரிசோதனைப் புத்தகம்) ஒட்டுகிற நிறம் அதைப் பொறுத்துத்தான் மாறும், வெள்ளை ஒட்டினால் நர்ஸ் பார்ப்பார், மஞ்சள் ஒட்டினால் பெரிய ஆஸ்பத்திரி நிபுணரிடம் அனுப்புவார்கள். மறைத்தால் வெள்ளையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

நிபுணர் என்ன செய்வார்? 16 வாரத்திலிருந்து 24 வாரத்துக்குள் ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பார். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குட்டை என்று அர்த்தம், அப்போது புரோஜெஸ்டிரோன் மாத்திரையைப் பிறப்புறுப்புக்குள் வைக்கச் சொல்லலாம், இல்லையென்றால் அந்த வாயைச் சுற்றி ஒரு தையல் போடலாம். தையல் என்றதும் பயப்படாதே, சுருக்குப் பைக்குக் கயிறு இழுப்பது மாதிரித்தான், நாள் நெருங்கும்போது பிரித்துவிடுவார்கள். போன முறை பிரஷர்தான் காரணம் என்றால் சின்ன அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே ஆரம்பிப்பார்கள், இதை நீயாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேள்.

படுத்தே கிடப்பதால் பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. காலில் ரத்தம் உறைவதற்கும் உடம்பு பலம் போவதற்கும்தான் அது வழி. பாரம் தூக்காதே, நாள் முழுக்க நிற்காதே, ஆனால் நட, சமை, கோவிலுக்குப் போ.

இதைக் கவனமாகப் படி: வயிறு கல் மாதிரி இறுகி விட்டு விட்டு வருவது, இடுப்புக்குக் கீழே விடாத வலி, கீழே ஏதோ அமுக்குகிற மாதிரி பாரம், ரத்தம், தண்ணீர் கசிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் கிளம்பு. கஷாயம் குடித்துப் பார்க்கலாம், வீட்டுக்காரர் லோரியை விட்டு வரட்டும், விடியட்டும் என்றெல்லாம் காத்திருக்காதே. சீக்கிரம் போனால்தான் நான் மேலே சொன்ன ஸ்டீராய்டு ஊசியைப் போட நேரம் கிடைக்கும். டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் கொடுத்து முடிப்பார்கள், முடிந்து ஒரு நாள் தாங்கினால் பிள்ளைக்கு எவ்வளவோ லாபம். 32 வாரத்துக்குள் என்றால் மூளையைக் காப்பாற்ற மெக்னீசியமும் ஏற்றுவார்கள். பிறந்த பிறகு பிள்ளையை ஆம்புலன்சில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே நீ போய்விடுவதுதான் பிள்ளைக்கு நல்லது. உன் வயிற்றைவிடப் பத்திரமான ஆம்புலன்ஸ் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை.

மனைவிக்கு ஆபரேஷன் புண் இன்னும் ஆறவில்லை. 1.3 கிலோ பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ள அப்பா வரலாம் என்று வார்டில் சொன்னார்கள். ஆம்பளை செய்யலாமா? எனக்குக் கை நடுங்குகிறது. (தெலுக் இந்தான்)

செய்யலாமாவா? ஓடுங்க தம்பி. அதற்கு முன்னால் ஒரு கதை.

1964-இல் என் தம்பி தோட்டத்து லயத்தில் பிறந்தான், நாளுக்கு முன்னாடி. தோட்டத்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஸ்டோரில் பால் நிறுக்கிற தராசில் துணியோடு வைத்து நிறுத்தார்கள், நாலு ராத்தலுக்கு (பவுண்டு) கீழே. எனக்கு அப்போது ஆறு வயது, அந்தத் தராசில் ரப்பர் பால் வாடை அடித்தது இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. டின் பால் வந்த அட்டைப் பெட்டியில் பஞ்சைப் பரப்பி, இரண்டு பக்கமும் பீர் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி வைத்தார்கள். இரண்டாவது ராத்திரி ஒரு போத்தல் உருண்டு அவன் குதிகாலைப் பொசுக்கிவிட்டது. அம்மாச்சி வந்து பார்த்தாள், கத்தினாள், பெட்டியைத் தூக்கித் திண்ணையில் எறிந்தாள், பிள்ளையை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்து மேலே கைலியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கிட்டத்தட்ட ஒரு மாசம் அப்படியே. அவள் சமைக்கப் போனால் அம்மா, அம்மா தூங்கினால் அவள். ஊரில் எல்லாரும் பெட்டியில் வளர்ந்த பிள்ளை என்றுதான் அவனைச் சொல்வார்கள், எனக்குத் தெரியும் பெட்டியா அம்மாச்சியா என்று.

1978-இல் கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து டாக்டர் ஒருவர், எட்கர் ரேய், கண்ணாடிப் பெட்டி போதாமல் இதைத்தான் செய்தார். கங்காரு பராமரிப்பு என்று பேர் வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பிறந்தவுடனேயே ஆரம்பிக்கச் சொல்லி, ஒரு நாளில் 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லிவிட்டது. பிள்ளைக்குச் சூடு, மூச்சு, இதயத் துடிப்பு எல்லாம் நிதானத்துக்கு வரும், தொற்று குறையும், உயிர் பிழைப்பதே கூடும்.

முறை இதுதான். சட்டையைக் கழற்றுங்கள், வாசனைத் தண்ணீர் போடாதீர்கள், சிகரெட் பிடித்துவிட்டுப் போகவே போகாதீர்கள். பிள்ளைக்குத் தொப்பியும் நாப்கினும் மட்டும். உங்கள் நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடை நெஞ்சில் முட்டாமல் லேசாக மேலே பார்க்கிற மாதிரி வைத்து, கால்களைத் தவளை மாதிரி மடித்து, துணியால் காது வரை கட்டுவார்கள். மிஸ்ஸி பக்கத்திலேயே நிற்பார். முதல் பத்து நிமிடம் கை நடுங்கும், அப்புறம் நீங்களே தூங்கிவிழுவீர்கள்.

மனைவியிடம் சொல்லுங்கள், பால் கறந்து கொடுப்பதை நிறுத்தக்கூடாது, இரவும் பகலும் சேர்த்து எட்டுத் தடவையாவது. முதல் இரண்டு நாள் ஒரு டீஸ்பூன்கூட வராது, மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக ஊசிக் குழாயில் உறிஞ்சி எடுப்போம், அந்தச் சொட்டும் பொன்தான். குறைமாசப் பிள்ளைக்குக் குடல் அழுகிப்போகிற நோய் ஒன்று வரும், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அது வருவது குறைவு. வீட்டில் கறந்தால் ஐஸ் பெட்டியில் வைத்து, நாளும் நேரமும் எழுதி ஒட்டிக் கொண்டுபோங்கள்.

பேரனை 1.9 கிலோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டலாமா? மூக்கில் எண்ணெய் விடலாமா? (லாபிஸ்)

சாம்பிராணி வேண்டாம். கொசுவர்த்தி வேண்டாம். அந்த நுரையீரல் இப்போதுதான் வேலை கற்றுக்கொண்டிருக்கிறது, வருடா வருடம் வருகிற புகைமூட்டமே அதற்குப் போதும், நாம் வேறு வீட்டுக்குள் தனியாகப் போட வேண்டுமா? மூக்கில் எண்ணெய் விடவே கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. எண்ணெய் தடவி மெல்ல நீவிவிடுவதில் தப்பில்லை. வசம்பு, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வாயில் வைக்காதீர்கள். ஏணையில் போட்டால் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் அமுங்கும், இந்த எடைப் பிள்ளைக்கு மூச்சு அடைக்கும், அதனால் தட்டையான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். இரும்புச்சத்துச் சொட்டு கொடுத்திருப்பார்கள், "சூடு" என்று நிறுத்திவிடாதீர்கள். வயிற்றில் கடைசி மூன்று மாசத்தில் சேர வேண்டிய இரும்பு அவனுக்குச் சேரவே இல்லை.

என் மகளுக்கு எட்டு மாதம், இன்னும் உட்காரவில்லை. 30 வாரத்தில் பிறந்தவள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழ்கிறது. (கூலிம்)

பத்து வாரம் முன்னாடி வந்தவள், அந்தப் பத்து வாரத்தைக் கழி. எட்டு மாதத்தில் கழித்தால் ஐந்தரைதான் மிஞ்சும். ஐந்தரை மாதப் பிள்ளை உட்காராவிட்டால் யாராவது கவலைப்படுவார்களா? இரண்டு வயது வரை வளர்ச்சியை இப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது, பிறந்த தேதியை வைத்து எல்லாருக்கும் போல இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் என்று போட வேண்டும். சின்னப் பிள்ளை, பாவம் என்று தள்ளிப்போடாதே, சின்னதுக்குத்தான் அது ரொம்பத் தேவை.

காலை விறைப்பாக நீட்டிக்கொண்டே இருக்கிறாளா, விரலைப் பிரிக்காமல் முஷ்டியாகவே வைத்திருக்கிறாளா, ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறாளா? இதில் ஏதாவது இருந்தால் வயதைக் கழித்துக்கொண்டு உட்காராதே, உடனே காட்டு. ரொம்ப முன்னாடி பிறந்த பிள்ளைகளுக்கு முதல் மூன்று நாளிலேயே மூளைக்குள் ரத்தம் கசிவது உண்டு, பின்னால் கை கால் இறுக்கம் வருவது பெரும்பாலும் அந்த மாதிரிச் சேதத்தால்தான். சீக்கிரம் பிசியோதெரப்பி ஆரம்பித்தால் நல்லது.

கண்ணைப் பார்த்தார்களா? இதை நான் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். என் தங்கை மகனும் 30 வாரம். வீட்டுக்கு அனுப்பும்போது கண் கிளினிக் சீட்டைப் புத்தகத்தின் பின் அட்டைக்குள் செருகிக் கொடுத்தார்கள், வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது எதற்கு, நானும் அந்தத் தொழிலில்தான் இருந்தேன், பெரியம்மாக்காரியாக நானாவது புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். பதினொரு நாள் தாமதமாகத்தான் கொண்டுபோனோம். லேசர் வைத்தார்கள், பார்வை தப்பியது, தடிமனான கண்ணாடி போட்டிருக்கிறான். குறைமாசப் பிள்ளையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முழுசாக வளர்ந்திருக்காது, வெளியே வந்ததும் தாறுமாறாக வளரும், வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். பாடகர் ஸ்டீவி வொண்டருக்குப் பார்வை போனது இதனால்தான், அவர் பிறந்தது 1950, ஆக்சிஜனை அளவு பார்க்காமல் கொடுத்த காலம். 32 வாரத்துக்கு முன்போ ஒன்றரைக் கிலோவுக்குக் கீழோ பிறந்தால், நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். காது பரிசோதனையும் அப்படித்தான்.

மகனுக்கு ஒன்பது வயது, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. கணக்கு வரவில்லை, ஒரு இடத்தில் உட்காரமாட்டான். 27 வாரத்தில் பிறந்தவன். சோம்பேறி என்று அவன் அப்பா அடிக்கிறார். (ரவாங்)

அடியை நிறுத்தச் சொல்லுங்கள், முதலில் அது. 28 வாரத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளைகளில் நிறையப் பேருக்குக் கவனம் நிற்காமல் போவது, கணக்கில் தடுமாறுவது, பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதத் திணறுவது எல்லாம் உண்டு. எல்லாருக்கும் வரும் என்று இல்லை, வாத்தியாராகவும் எஞ்சினியராகவும் ஆனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூளையின் கடைசிக் கட்ட வேலை நடக்க வேண்டிய பதின்மூன்று வாரத்தை அவன் வார்டு வெளிச்சத்திலும் மிஷின் சத்தத்திலும் கழித்திருக்கிறான், அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வதற்கு வாய் வரலாமா?

வகுப்பு ஆசிரியருக்கு இது தெரியுமா? தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். போய்ச் சொல்லுங்கள், "27 வாரம்" என்றே சொல்லுங்கள். முன் வரிசையில் உட்கார வைக்கட்டும், ஒரு நேரத்தில் ஒரு கணக்கு கொடுக்கட்டும். கண்ணையும் காதையும் மறுபடி காட்டுங்கள். ஓடினால் இழைக்கிறதா என்றும் கவனியுங்கள், ஆக்சிஜனில் நாள் கணக்காக இருந்த பிள்ளைகளுக்கு இழைப்பு வர வாய்ப்பு அதிகம்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த நாளும் பிரசவ லீவில் கழியுமா? (சுங்கை சிப்புட், தொழிற்சாலை வேலை)

கழியும், அதுதான் கொடுமை. 2023 ஜனவரி 1-இலிருந்து 98 நாள் சம்பளத்தோடு லீவு, முன்பு 60 தான். தொடர்ச்சியாக ஓடும், பிள்ளை பெட்டியில் இருக்கிறது என்று கடிகாரம் நிற்காது. அப்பாவுக்கு 7 நாள் உண்டு, முப்பது நாளுக்கு முன்பே முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்பார்கள், சொல்வதற்குள் பிறந்துவிட்டால் பிறந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொன்னால் போதும், சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. அந்த ஏழையும் பிள்ளை வீட்டுக்கு வரும் வாரத்துக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று மேனேஜரிடம் பேசிப் பாருங்கள்.

34 வயது. புகை, தண்ணி எதுவும் இல்லை. பிரஷர் 150 காட்டுகிறது. நான் ஏழு மாசத்துப் பிள்ளை என்று அம்மா சொல்வார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (ஈப்போ)

இருக்கலாம். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டுகிற நுண்குழல்கள் வயிற்றுக்குள்ளேயே, ஏறக்குறைய 36 வாரத்துக்குள், உருவாகி முடிகின்றன. அப்புறம் வாழ்நாள் முழுக்கப் புதுசாக ஒன்றுகூட வராது. சீக்கிரம் வெளியே வந்தவருக்கு எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், இருப்பவை கூடுதலாக உழைக்க வேண்டும். குறைமாசத்தில் பிறந்து பெரியவர்களானவர்களுக்குப் பிரஷர், இனிப்புநீர், சிறுநீரகக் கோளாறு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்று சுவீடன் மாதிரி நாடுகளில் பிறப்புப் பதிவேடுகளை வைத்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான், தலையெழுத்து இல்லை. உங்கள் அப்பாவுக்குப் பிரஷர் இருந்ததா, கருவாடும் ஊறுகாயும் தினமும் உண்டா என்பதும் சேர்ந்ததுதான். ஆனால் 34 வயதில் 150 என்றால் விடக்கூடாது, ரத்தத்தில் சிறுநீரகப் பரிசோதனையும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தங்கை யாராவது அப்படிப் பிறந்திருந்தால், கர்ப்பமாகும்போது அதைக் கிளினிக்கில் சொல்லட்டும்.

டாக்டர்கள் இதைக் கேட்பதில்லை, நாமாகச் சொல்வதும் இல்லை. என் தம்பிக்கே, அதான் அந்தக் குதிகால் தழும்புக்காரன், நாற்பது வயதிலிருந்து மாத்திரை, லோரி ஓட்டி ஓட்டித்தான் பிரஷர் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான். போன வருடம் அவனைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அட்டையில் எழுதச் சொன்னேன், "தாக் சுக்கூப் பூலான்", குறைமாசத்தில் பிறந்தவர். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அவனுடைய நரைத்த மீசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, எத்தனை வாரம் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு ராத்தலுக்குக் கீழே என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.